ஈரமும் மூடிய ஜன்னலும்: மலையக வீட்டில் பூனையின் மணல் பெட்டி நாறாமல் வைத்திருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஆடி மாத மழையில் பதுளையிலிருந்து அத்தை ஹட்டனுக்கு எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். ஒன்பது நாளாக நாங்கள் ஜன்னலைத் திறந்திருக்கவில்லை. இஸ்தோப்பில் நின்று குடையை மடக்கிக்கொண்டே, "பிள்ளை, உள்ளே எங்கேயோ ஈரச்சாக்கு கிடக்கிறது, எடுத்து வெளியே போடு" என்றார். ஈரச்சாக்கு எதுவும் இல்லை. எங்கள் மூன்று பூனைகளின் மணல் பெட்டிதான் அது. அன்று காலையில்தான் அள்ளிச் சுத்தம் செய்திருந்தேன். என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

பூனையை வெளியே விட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தேயிலை மலைக்குள் சிறுத்தை நடமாடும் ஊர் இது. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் வேறு பிராணிகளும் மாட்டிக்கொள்கின்றன. வளைவுகளில் வாகனங்கள் கண்மூடித்தனமாக வருகின்றன. விசர்நாய்க்கடி இன்னும் முற்றாக ஒழியாத நாடும்கூட. ஆகவே பூனை வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. அப்படியானால் அதன் கழிப்பிடத்தை நாம்தான் ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

நாற்றம் எப்போது பிறக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கருத்தடை செய்த பூனையின் சிறுநீர், பெய்த உடனே பெரிதாக நாறுவதில்லை. அதிலுள்ள யூரியாவைப் பக்டீரியாக்கள் மெல்லப் பிரித்து அமோனியா ஆக்குகின்றன. கண்ணை எரிக்கும் நெடி அதுதான். பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் ஒன்றும் உண்டு. அது சிதையச் சிதையக் கந்தகம் கலந்த சேர்மங்கள் உருவாகும். நாளான பெட்டியில் எழும் அந்தப் பிடிவாதமான "பூனை வாடை" அதிலிருந்து வருவது. கருத்தடை செய்யாத ஆண் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் மிக அதிகம்.

ஆக, சிறுநீர் பெட்டியில் கிடக்கும் நேரம்தான் நாற்றத்தின் அளவு. அது முதிர்வதற்கு முன்னால் நாம் முந்திக்கொள்ள வேண்டும். வாசனை தூவி மறைக்கப் பார்ப்பது வீண் செலவு.

மலையகத்தில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஜன்னல்கள் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும், ஈரம் சீக்கிரம் காயும். இங்கே குளிருக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் அடைத்துவிடுகிறோம். மூடுபனி நாளில் மணலின் ஈரம் காயவே காயாது. குளிர் பக்டீரியாவின் வேலையைச் சற்றுத் தாமதப்படுத்துவது உண்மைதான். ஆனால் வெளியேற வழியில்லாத காற்றில் கொஞ்சம் அமோனியா இருந்தாலும் அது பெரிதாகத் தெரியும்.

முதல் படி: உங்கள் மூக்கை நம்பாதீர்கள்

ஒரே வாடையில் இருந்துகொண்டே இருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். எனக்கு நேர்ந்தது அதுதான். வெளியே போய்ப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வந்து, வாசலைத் தாண்டிய முதல் மூச்சில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். பிறகு முழங்காலில் அமர்ந்து, பூனை நிற்கும் உயரத்திற்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பெட்டியை முகர்ந்து பாருங்கள். மனிதரைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்குள்ள ஒரு பிராணி, அந்த இடத்தில்தான் நாளுக்குப் பலமுறை போய் நிற்கிறது.

நாற்றம் பெட்டியில் இல்லாமல் தரையில் இருக்கவும் கூடும். பணத்தாளைச் சோதிக்கப் பயன்படும் சிறிய புற ஊதா விளக்கு ஒன்றை வாங்கி, இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டுத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு நகருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும். எங்கள் வீட்டில் பெட்டிக்குப் பின்னால், சுவரும் சீமெந்துத் தரையும் சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்தில் மூன்று திட்டுகள் தெரிந்தன. சுவரில் ஒரு கோடு வழிந்து இறங்கியிருந்தது. எங்கள் சாம்பு குந்தாமல் நின்றபடியே பெய்கிறான், தாழ்ந்த விளிம்பைத் தாண்டிச் சிறுநீர் சுவரில் படுகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது படி: பெட்டி

பெட்டி பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்தால் போதும், வாலைச் சேர்க்கத் தேவையில்லை. கடையில் பூனைக்கென்று விற்கும் பெட்டிகள் பல இதற்குச் சிறியவை. துணி போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை மூன்று அங்குல உயரத்திற்கு வெட்டிவிட்டால் நல்ல மணல் பெட்டி கிடைக்கும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். மற்ற மூன்று சுவர்களும் உயரமாக இருப்பதால் சாம்புவைப்போல் நின்று பெய்யும் பூனைக்கும் இது பொருந்தும்.

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை பெட்டி வைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு காம்பரா உள்ள லயத்து வீட்டில் நான்கு பெட்டிக்கு எங்கே போவது? இடம் இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்து, அள்ளும் தடவைகளைக் கூட்டுங்கள். ஒரே பூனை என்றாலும் இரண்டு பெட்டியை வெவ்வேறு மூலையில் வைக்க முடிந்தால் நல்லது. மூன்று பெட்டியை ஒட்டி ஒட்டி அடுக்கினால் பூனைக்கு அது ஒரே பெட்டிதான்.

மூடிபோட்ட பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நமக்கு வாடை குறைந்ததுபோல் தெரியும். உள்ளே அமோனியா தேங்கி நிற்க, பூனை அதற்குள் தலையை நுழைக்க வேண்டியிருக்கும். சில நாளில் அது உங்கள் மெத்தையைத் தேடிக்கொள்ளும்.

பிளாஸ்டிக்கில் நகம் கீறிய கோடுகளுக்குள் சிறுநீர் புகுந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வருடத்திற்கு ஒருமுறை பெட்டியை மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது படி: வைக்கும் இடம்

அடுப்படி வேண்டாம், பூனையின் சாப்பாட்டுத் தட்டருகிலும் வேண்டாம். மழை அடிக்காத பக்கத்து ஜன்னலுக்கு அருகே, ஆள் நடமாட்டம் குறைந்த மூலை நல்லது. வெறும் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். சீமெந்து நுண்துளை நிறைந்தது, சிந்திய சிறுநீரைக் குடித்துவிடும். பழைய பங்களாக்களின் பலகைத் தளம் இதைவிட மோசம், பலகை இடுக்குகளுக்குள் இறங்கிவிட்டால் எடுக்க வழியில்லை. தடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டு, அதன் பின்விளிம்பைச் சுவரில் ஒரு முழம் ஏற்றி ஒட்டிவிட்டு, அதன்மேல் பெட்டியை வையுங்கள்.

நான்காவது படி: பெட்டிக்குள் எதைப் போடுவது

செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் பெந்தோனைட் களிமண் மணல்தான் நாற்றத்திற்கு எதிரே சிறந்தது. இந்தக் களிமண் ஈரம் பட்டவுடன் ஊதிப் பெருத்துக் கட்டியாகிவிடும். சிறுநீரைக் கட்டியோடு தூக்கி வெளியே எடுத்துவிடலாம் என்பதே அதன் பெருமை. இரண்டு முதல் மூன்று அங்குல ஆழம் போடுங்கள். அதைவிடக் குறைந்தால் சிறுநீர் அடிக்குப் போய்ப் பிளாஸ்டிக்கில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். வாசனை சேர்த்ததை வாங்காதீர்கள், பல பூனைகளுக்கு அது பிடிப்பதில்லை. விலையோ அதிகம், சுமந்துகொண்டு மேடேறுவதும் சிரமம். ஆனாலும் கட்டியை மட்டும் அள்ளிவிட்டுக் குறைந்ததை நிரப்பினால் ஒரு பை நீண்ட நாள் வரும். சிலிக்கா மணிகள் உலர்ந்த ஊருக்கு ஏற்றவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் நனையும் ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கங்களில் அவை காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துச் சீக்கிரம் களைத்துவிடும்.

மர ஆலையில் கிடைக்கும் மரத்தூளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நானும் பயன்படுத்தியிருக்கிறேன். மருந்து அடித்த பலகையை அறுத்த தூள் வேண்டவே வேண்டாம், கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மாவுபோன்ற தூள் பூனையின் மூச்சுக்குள் போகும், ஆகவே சல்லடையில் சலித்துச் சுருள் சுருளாக இருப்பதை மட்டும் எடுங்கள். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மரத்தூள் கட்டியாகாது என்பதால் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை முழுவதையும் கொட்டியாக வேண்டும். தும்புத் தூளுக்கும் இதே கணக்குதான். கிழித்த பத்திரிகைத் தாள் ஒரு நாளுக்குத்தான் தாங்கும், நோயுற்ற பூனைக்கும் தையல் போட்ட பூனைக்கும் அது உகந்தது. ஆற்று மணல் சிறுநீரை உறிஞ்சாது, அடியில் குளம்போல் தேக்கிவைத்திருக்கும்.

நம் ஊர்ப் பழக்கங்கள் இரண்டை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அடுப்புச் சாம்பலைப் பெட்டியில் கொட்டுவது முதலாவது. சாம்பல் காரத்தன்மை உடையது. காரம் கூடினால் ஈரத்தில் கரைந்திருக்கும் அமோனியா வாயுவாகிக் கிளம்பும். நாற்றத்தை அடக்கப் போட்டது அதைத் தூக்கிவிடுகிறது. சுண்ணாம்பு இன்னும் கேடு, பாதத்தையும் புண்ணாக்கும். இரண்டாவது, குடித்து முடித்த தேயிலைச் சக்கையையோ தேயிலைத் தூளையோ கலப்பது. தேயிலையிலுள்ள கஃபீன் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கித்தான் சுத்தம் செய்யும். ஈரச்சக்கை பூஞ்சணமும் பிடிக்கும்.

மணல் வகையை மாற்றுவதானால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். மீதி மணலை இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் போட்டு, அடுப்படிச் சுவரோரம் சூடு படும் இடத்தில் வையுங்கள். திறந்த பையில் கிடந்த மணல், பெட்டிக்குப் போகும் முன்பே ஈரமாகியிருக்கும்.

ஐந்தாவது படி: அள்ளுவது

நாளுக்கு இரண்டு முறை. வேலைக்குப் புறப்படும் முன் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. எங்கள் வீட்டில் கேத்தலை அடுப்பில் வைத்தால் தண்ணீர் கொதிப்பதற்குள் அள்ளி முடித்துவிடுவோம். துளைக் கரண்டியைப் பெட்டியின் ஓரத்தில் செங்குத்தாக இறக்கி, அடியைத் தொட்டுக்கொண்டே நகர்த்திக் கட்டியை முழுசாகத் தூக்குங்கள். மேலிருந்து குத்தினால் கட்டி உடையும். உடைந்த துணுக்குகள் மணலோடு கலந்துவிட்டால் பிறகு பொறுக்க முடியாது. "தினமும் அள்ளுகிறேன், ஆனாலும் நாறுகிறது" என்பவர்களின் பெட்டியைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தத் துணுக்குகள்தான் கிடக்கும்.

அள்ளியதை மூடியுள்ள வாளியில் போட்டு மூடுங்கள். அறை மூலையில் திறந்த பையில் விட்டால் நாற்றத்தை இடம் மாற்றியதாகத்தான் ஆகும்.

நாள்தோறும் அள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூனையின் மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம். அவை வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குள்தான் தொற்றும் நிலையை அடைகின்றன. அதற்கு முன் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் கையுறை அணிந்து, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவ வேண்டும்.

ஆறாவது படி: கழுவுவதும் காயவைப்பதும்

பெந்தோனைட் என்றால் ஒரு பூனைக்கு இரண்டு, மூன்று வாரத்திற்கு ஒருமுறை மணலை முழுவதுமாகக் கொட்டிப் பெட்டியைக் கழுவுங்கள். பூனைகள் கூடக் கூட இடைவெளி குறைய வேண்டும். வாசனை இல்லாத பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போதும். அடியில் வெண்மையாகப் படிந்திருந்தால் வினாகிரியையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து கால் மணி நேரம் ஊறவையுங்கள். வினாகிரியின் அமிலம் மிஞ்சியிருக்கும் அமோனியாவையும் அடக்கிவிடும்.

பிளீச் வேண்டாம். சிறுநீரிலுள்ள அமோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு கிளம்பும். ஜன்னல் அடைத்த சிறிய குளியலறையில் அது மனிதருக்கும் ஆபத்து. பினாயில் போன்ற, பீனோல் வகைக் கிருமிநாசினிகளும் ஆகாது. அவற்றைப் பிரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. நுவரெலியாப் பாதையோரங்களில் வாங்கிவரும் யூகலிப்டஸ் தைலத்தை நமக்குத் தடிமன் பிடித்தால் பயன்படுத்திக்கொள்ளலாம், பெட்டியருகே சொட்டுக்கூட விடக்கூடாது. பூச்சி உருண்டையும் கற்பூரமும் அப்படித்தான். சாம்பிராணிப் புகை அமோனியாவைப் போக்காது, அதன்மேல் இன்னொரு மணத்தை ஏற்றிவைக்கும், அவ்வளவுதான்.

கழுவிய பெட்டி முழுவதும் காய்ந்த பிறகுதான் புது மணலைக் கொட்ட வேண்டும். மழைக்காலத்தில் இதில்தான் எல்லோரும் தவறுகிறோம். ஈரம் மீந்த பெட்டியில் மணல் அடியிலேயே பிடித்துக்கொள்ளும். பழைய துணியால் மூலைகளைத் துடைத்து எடுத்து, அடுப்பின் வெம்மை படும் இடத்தில் ஓர் இரவு கவிழ்த்து வையுங்கள். அதுவரை பயன்படுத்த ஒரு பெட்டி கூடுதலாக இருக்கட்டும். பெரிய துப்புரவு வேலையை உங்கள் பக்கத்து மழையைப் பார்த்துத் திட்டமிடுங்கள். மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயில் கிடைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ் பருவமழையில் நனைந்தாலும், ஹட்டனில் நாங்கள் நனைந்துகொண்டிருக்கும் ஆடி, ஆவணியில் அங்கே உலர்ந்த காற்று வீசும். அந்த நாட்களில் பெட்டி, விரிப்பு, மெத்தை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

அப்பச்சோடாவைக் கழுவிக் காய்ந்த பெட்டியின் அடியில் ஒரு மேசைக்கரண்டி தூவலாம். அள்ளாத பெட்டியை அது காப்பாற்றாது.

ஏழாவது படி: தரையிலும் சுவரிலும் ஊறியது

மழை தொடங்கியதும் பழைய இடத்தில் மறுபடி வாடை கிளம்புவது நம் வீடுகளில் வழக்கம். காய்ந்து கிடந்த உப்புகள் ஈரம் பட்டதும் மீண்டும் மூச்சு விடுகின்றன. புதிதாகச் சிந்தியதைத் தேய்க்காமல் துணியை அழுத்தி ஒற்றி எடுங்கள், பின்பு குளிர்ந்த தண்ணீரில் துடையுங்கள். பழைய கறைக்கு நொதி கலந்த துப்புரவுத் திரவம் நல்லது, பெரிய நகரங்களின் செல்லப்பிராணிக் கடைகளில் கேளுங்கள். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ திரவமும் அவ்வளவு ஆழம் இறங்க வேண்டும். ஆகவே தெளித்துத் துடைக்காமல், தாராளமாக ஊற்றிப் பதினைந்து நிமிடமாவது ஈரமாக விட்டு, தானாகக் காய விடுங்கள். சீமெந்துத் தரைக்கு இரண்டு, மூன்று முறை தேவைப்படலாம்.

அது கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் மூன்று சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்கி, அரைப் போத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து உடனே பயன்படுத்துங்கள். கலந்ததைப் போத்தலில் அடைத்து வைக்காதீர்கள், வாயு பெருகி வெடிக்கும். நிறத்துணியை அது வெளுக்கச் செய்யலாம், ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

எட்டாவது படி: காற்று

எவ்வளவு குளிர்ந்தாலும் பத்து மணிக்குமேல் மூடுபனி விலகும் வேளையில் எதிரெதிர் ஜன்னல்களைக் கால் மணி நேரம் திறந்துவிடுங்கள். பூனை பாயாதபடி கம்பி வலை அடித்திருக்க வேண்டும். நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதைவிட இது பயன் தரும், அறையும் அதிகம் குளிராது.

ஒன்பதாவது படி: உணவும் கருத்தடையும்

மலம் தாங்க முடியாமல் நாறினால் தட்டைப் பாருங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லக்டோஸ் செரிக்காது, வயிறு இளகும். பட்டியில் கறந்த பாலை ஆசையாக ஊற்றுகிறோம், அது அன்பல்ல, வயிற்றுப்போக்கு. சோறும் நெத்தலிக் கருவாடும் மட்டுமே உண்ணும் பூனைக்கு உப்பு அதிகமாகிறது, சத்தும் குறைகிறது. உப்பில்லாமல் அவித்த மீனோ கோழியோ கொடுத்து, அவித்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றுங்கள், உடலுக்குள் நீரும் போகும். குளிர்காலத்தில் பூனை தண்ணீர் குடிப்பது குறைந்து சிறுநீர் கெட்டியாகும், கெட்டியானால் நெடி கூடும். வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் எங்கள் கறுப்பி விரும்பிக் குடிக்கிறாள். உணவை மாற்றுவதானால் ஒரு வாரம் எடுங்கள். குடற்புழுவுக்கான பூச்சி மருந்தையும் தவறவிடாதீர்கள்.

ஆண் பூனைக்கு ஐந்து மாத அளவில் கருத்தடை செய்துவிட்டால் சிறுநீரின் கடுமை குறையும், சுவரில் பீய்ச்சும் பழக்கமும் பெரும்பாலும் வராமல் போகும். உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

பத்தாவது படி: கொட்டும் இடம்

பெட்டியிலிருந்து அள்ளியதை லீக்ஸ், கரட் பாத்தியில் உரமாகப் போடாதீர்கள். ஒட்டுண்ணியின் முட்டைகள் குளிர்ந்த ஈரமண்ணில் ஒரு வருடத்திற்கு மேலும் உயிரோடு இருக்கும், நம் மலைமண் அவற்றுக்கு வாய்ப்பான இடம். பீலித் தண்ணீர் வரும் ஓடைக்கு மேற்பக்கத்தில் புதைக்கவே கூடாது, கீழே ஒரு லயமே அதைக் குடிக்கிறது. பெந்தோனைட்டை மலசலகூடக் குழியில் போட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும். இரட்டைப் பையில் கட்டி, நகரசபையோ பிரதேசசபையோ குப்பை எடுக்கும் நாளில் கொடுங்கள். வண்டி வராத தோட்டம் என்றால், நீரிலிருந்தும் பாத்தியிலிருந்தும் விலகிய இடத்தில் முழங்கை ஆழம் தோண்டிப் புதையுங்கள். நாய் கிளறாதபடி மேலே கல் வையுங்கள்.

திடீரென்று மாறினால்

பெட்டியை நாளுக்கு இருமுறை கையால் அள்ளுபவருக்குத்தான் பூனையின் உடல்நிலை முதலில் தெரியும். எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்பது மனதில் பதிந்துவிடும். ஒரு கிழமைக்குள் கட்டிகள் பெரிதாகிப் பூனை தண்ணீரையும் அதிகம் குடித்தால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம். வாடை திடீரென்று மாறினாலும் இரத்தச் சிவப்புத் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆண் பூனை பெட்டிக்குள் திரும்பத் திரும்பப் போய்க் குந்தி, முனகி, ஒரு சொட்டும் விடாமல் வெளியே வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது சிறுநீர்க்குழாய் அடைப்பு. ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். தோட்டத்துப் பாதையில் இரவில் வாகனம் கிடைப்பது கடினம் என்பதால், மிருக வைத்தியரின் இலக்கத்தையும் இரவிலும் வரச் சம்மதிக்கும் ஓர் ஆட்டோக்காரரின் இலக்கத்தையும் இன்றே ஒரு தாளில் எழுதி, பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள்.